குதிரைக்கு ரிட்டர்ன் பாலிசி கிடையாது

தமிழ்ப் பத்திரிகைகளுக்குக் கடிவாளம் என்றால் கொள்ளை ஆசை. வெங்காய விலைக்குக் கடிவாளம், ஆட்டோ கட்டணத்துக்குக் கடிவாளம், ஆன்லைன் ரம்மிக்குக் கடிவாளம், ரியல் எஸ்டேட்காரர்களுக்குக் கடிவாளம். இத்தனை பேருக்குக் கடிவாளம் போட்ட ஊரில், நிஜமாகவே கடிவாளத்தை வாயில் வைத்துக்கொண்டு நிற்கிற ஒரே ஜீவனை மட்டும் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பலருக்கு அது என்ன சாமான் என்றே தெரியாது. "கடிவாளம் கட்டின குதிரை மாதிரி அக்கம்பக்கம் பார்க்காமல் போகிறான்" என்று எழுதுகிறார்கள். அது கண்பட்டை, சாமி! கடிவாளம் என்பது வாய்க்குள் போவது.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

பெருங்களத்தூரைத் தாண்டி வண்டலூர் - கேளம்பாக்கம் ரோட்டில் திரும்பினால் கடைசியில் கோவளம் கடற்கரை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தாம்பரம் சுற்றுவட்டாரத்தில் பைக் வைத்திருக்கிறவர்களில் பாதிப் பேரை அங்கே பார்க்கலாம். சவாரிக் குதிரைகளையும் பார்க்கலாம். மெரினாவிலும் பெசன்ட் நகரிலும் மாமல்லபுரத்திலும் இதே கதைதான். கல்யாண ஊர்வலத்தில் சாரட் வண்டி இழுக்கும் குதிரைகள், கோயில் திருவிழாவில் ஆடும் நாட்டியக் குதிரைகள், ஈ.சி.ஆர். பண்ணை வீடுகளில் பணக்காரர்கள் வளர்க்கும் குதிரைகள் என்று பட்டியல் நீளும்.

இந்தக் குதிரைகளின் தலையில் இரண்டு வகைச் சாமான்களைப் பார்க்கலாம். ஒன்று, நைலான் கயிறும் துருப்பிடித்த இரும்பும். இன்னொன்று, கொஞ்ச காலமாக ஃபேஷனாகி வரும் 'வெஸ்டர்ன் பிரைடில்'. கௌபாய் படத்தில் வருவது மாதிரி பூ வேலை செய்த தோல், வெள்ளிப் பொட்டுகள், இரண்டு பக்கமும் நீளமாகத் தொங்கும் இரும்புக் கம்பிகள். முதலாவது காசில்லாதவன் வாங்கியது, இரண்டாவது காசிருப்பவன் வாங்கியது. ஆனால் இரண்டிலும் குற்றம் ஒன்றுதான். வாங்கும்போது எவரும் குதிரையின் தலையை அளந்து பார்க்கவில்லை.

காமர்ஸ் படிக்கிற பிள்ளைகளுக்கு முதல் வருஷத்திலேயே ஒரு பாடம் வரும். வாங்குகிறவர் வேறு, பயன்படுத்துகிறவர் வேறு என்று. குழந்தைக்கு டயப்பர் வாங்குவது அம்மா, கட்டிக்கொள்வது குழந்தை. அங்கே சந்தை ஓரளவு ஒழுங்காக நடப்பதற்குக் காரணம், டயப்பர் உறுத்தினால் குழந்தை வீட்டையே இரண்டாக்கிவிடும். அம்மா அடுத்த முறை வேறு பிராண்ட் வாங்குவாள். கடிவாளச் சந்தையில் அந்த அழுகை கிடையாது. குதிரை வேட்டையாடப்படும் இனத்தில் வந்த பிராணி. வலித்தால் நாயைப் போல ஊளையிடாது, முடிந்தவரை வலியை வெளியே காட்டாமல் நிற்கும். அதிகம் போனால் தலையை உதறும், வாயைத் திறக்கும், நாக்கை வெளியே தள்ளும். அதையும் நம் ஆட்கள் "ரொம்ப சேட்டை பண்ணுது சார்" என்று மொழிபெயர்த்து, இன்னும் கடினமான இரும்பாக வாங்கிவந்து மாட்டுவார்கள். அதாவது, வாடிக்கையாளரின் புகார் அதே சரக்கின் விற்பனையைக் கூட்டுகிற ஒரு விநோதமான சந்தை இது. உலகத்தில் எந்த வியாபாரிக்கும் இப்படி ஓர் அதிர்ஷ்டம் அடித்ததில்லை!

தாம்பரம் சண்முகம் ரோட்டில் நூறு ரூபாய்ச் செருப்பு வாங்கினால்கூட காலில் போட்டு, இரண்டு அடி நடந்து பார்த்து, "ஒரு நம்பர் பெருசு காட்டுங்கண்ணே" என்று கேட்கிறோம். குதிரையின் வாய்க்குள் போகிற இரும்பை மட்டும் ஆன்லைனில் போட்டோ பார்த்து ஆர்டர் செய்கிறார்கள்.

இதில் என்ன அவ்வளவு பெரிய விஷயம் என்று கேட்பவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம்.

கடிவாளத்தில் மூன்று பாகம். தலையைச் சுற்றி வரும் வார்கள், வாய்க்குள் போகும் இரும்பு, சவாரி செய்பவர் கையில் பிடிக்கும் லகான். வாய்க்குள் போகும் இரும்புக்கு இங்கிலீஷில் பிட் என்று பெயர் (பரீட்சை ஹாலில் அடிக்கிற பிட் இல்லை :-)). குதிரைக்கு முன்பற்கள் முடிந்து கடைவாய்ப் பற்கள் தொடங்கும் வரை நடுவில் பல்லே இல்லாத ஓர் இடைவெளி உண்டு. பிட் உட்காருவது அங்கேதான். அந்த இடத்தில் தாடை எலும்பின் மேல் இருப்பது மெல்லிய ஈறு மட்டும். உங்கள் முழங்கால் முன்னெலும்பைத் தடவிப் பாருங்கள். தோலுக்கு அடியில் உடனே எலும்பு தட்டுப்படும். அந்த எலும்பின் மேல் ஓர் இரும்புக் கம்பியை வைத்து அழுத்தினால் எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

பிட்டில் இரண்டு பெரிய ஜாதி. ஒன்று ஸ்னாஃபிள். லகான் நேராக பிட்டின் வளையத்தில் கட்டப்பட்டிருக்கும். ஒரு கிலோ இழுத்தால் வாயில் ஏறக்குறைய ஒரு கிலோ. இரண்டாவது கர்ப். வெஸ்டர்ன் கடிவாளங்களில் பெரும்பாலும் இருப்பது இதுதான். பிட்டின் இரண்டு முனையிலும் மேலும் கீழுமாகக் கம்பி நீண்டிருக்கும். மேல் முனையில் தலை வாரும், கீழ் முனையில் லகானும் மாட்டியிருக்கும். தாடைக்கு அடியில் ஒரு சங்கிலியோ வாரோ ஓடும். எட்டாம் வகுப்பில் படித்த நெம்புகோல் ஞாபகம் இருக்கிறதா? அதேதான். பிட்டுக்கு மேலே 2 அங்குலம், கீழே 6 அங்குலம் கம்பி என்று வையுங்கள். லகானை ஒரு கிலோ இழுத்தால், உராய்வையும் கோணத்தையும் விட்டுவிட்டுப் பார்த்தால், தாடைச் சங்கிலியில் மூன்று கிலோ இறுக்கம் விழுகிறது. பிட் அதையும் சேர்த்து வாயில் வாங்குவதால் அங்கே நாலு கிலோ. முதல் முறை குதிரையேறும் பையன் பயத்தில் லகானைப் பிடித்துத் தொங்குவானே, அவன் இழுப்பது ஒரு கிலோவா, பத்து கிலோவா? பத்து என்றால் குதிரைக்கு நாற்பது. பெருக்கல் எல்லோருக்கும் தெரியும்.

இங்கே வெஸ்டர்ன் ரசிகர்கள் சண்டைக்கு வருவார்கள். அமெரிக்காவில் லட்சக்கணக்கான குதிரைகள் இதே கர்ப் பிட்டில்தானே ஓடுகின்றன, அவர்களுக்குத் தெரியாததா என்று. நியாயமான கேள்வி. பதில், அவர்கள் இரும்பை மட்டும் வைத்துக்கொண்டு ஓட்டவில்லை. மெக்ஸிகோவிலும் கலிஃபோர்னியாவிலும் மாடு மேய்த்த வக்கேரோக்களிடமிருந்து வந்த முறை அது. இளம் குதிரையை முதலில் வாயில் இரும்பே இல்லாமல், மூக்கின் மேல் வரும் பின்னல் வளையத்தோடு பழக்குவார்கள். பிறகு இரண்டையும் சேர்த்துப் போட்டு, லகான் வாயில் படாமலே கழுத்தில் உரசினால் திரும்பவும், சவாரிக்காரர் உட்காரும் விதம் மாறினால் நிற்கவும் சொல்லிக்கொடுப்பார்கள். வருஷக்கணக்கில் ஆகும். அதற்கப்புறம்தான் கர்ப். அதுவும் ஒரே கையில், லகான் தொய்வாகத் தொங்க. நன்றாகப் பழகிய வெஸ்டர்ன் குதிரையின் வாயில் பெரும்பாலான நேரம் பிட்டின் சொந்த எடையைத் தவிர வேறு எடையே இருக்காது. அப்படியும் அமெரிக்கன் குவார்ட்டர் ஹார்ஸ் சங்கம் தன் போட்டிகளில் அந்தக் கம்பியின் நீளத்துக்கு 8½ அங்குலம் என்று உச்சவரம்பு வைத்திருக்கிறது.

நம் ஊரில் இறங்கியது இரும்பு மட்டும்தான். பயிற்சி கப்பலேறவில்லை. ஜெய்சங்கர் 1970களில் 'கங்கா', 'ஜக்கம்மா' என்று கௌபாய் தொப்பி போட்டுக் கலக்கினார், 2010-இல் 'இரும்புக்கோட்டை முரட்டுச் சிங்கம்' வந்து சிரிக்க வைத்தது. வெஸ்டர்ன் என்றால் நமக்கு உடுப்பு, தொப்பி, துப்பாக்கி, குதிரை. குதிரையும் உடுப்பில் சேர்த்தி. ஆகவே அதற்கும் ஒரு காஸ்ட்யூம் வாங்குகிறோம். ரேஸில் ஓடி ஓய்வு பெற்று சவாரிக்கு வந்த குதிரை, பிறந்ததிலிருந்து ஸ்னாஃபிளைத் தவிர வேறு எதையும் அறியாதது. லகானை இழுத்தால் எதிர்த்துச் சாய்ந்து ஓடப் பழகியது. அதன் வாயில் ஒரு நாள் திடீரென்று நெம்புகோலை மாட்டி, இரண்டு கையாலும் இழுக்கிறார்கள். அது முன்னங்காலைத் தூக்கி நின்றால் உடனே போட்டோ, ஸ்டேட்டஸ், கைதட்டல். அந்தப் படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கி வாயைப் பாருங்கள். அலறுகிற வாய் அது.

குதிரையை வரவழைத்துக்கொண்டு குதிரை அறிவை வரவழைக்காமல் விடுவது தமிழ்நாட்டுக்குப் புதிதில்லை. பட்டினப்பாலை காலத்திலிருந்தே குதிரை இங்கே கடல் வழியாக வந்து இறங்கிய சரக்கு. மாணிக்கவாசகரிடம் பாண்டியன் பணம் கொடுத்தனுப்பியது குதிரை வாங்கத்தான். (அந்த கொள்முதலில் நரி பரியானதும் பரி மறுபடி நரியானதும் தனிக் கதை. ஆடிட்டர்கள் அதைப் படிக்க வேண்டும்.) 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ எழுதியது இன்னும் சுவாரசியம். மன்னர்கள் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் குதிரை வாங்குகிறார்கள், ஆண்டு முடிவில் கொஞ்சம்தான் மிஞ்சுகின்றன, காரணம் இங்கே பராமரிக்கத் தெரிந்தவர்கள் இல்லை என்கிறார். அதோடு நிறுத்தவில்லை. குதிரை விற்கும் வெளிநாட்டு வணிகர்கள் குதிரை வைத்தியர்களைக் கூட்டி வருவதும் இல்லை, வர விடுவதும் இல்லை, குதிரை செத்தால்தானே அடுத்த வருஷமும் விற்க முடியும் என்றும் எழுதியிருக்கிறார்.

எழுநூறு வருஷத்துக்கு முன்னாலேயே ஒருவர் இந்தச் சந்தையைச் சரியாகப் புரிந்துகொண்டார். பொருளை விற்பவருக்கு அதைப் பயன்படுத்தும் அறிவைச் சேர்த்து விற்பதில் லாபம் இல்லை. இன்றைக்கும் வெஸ்டர்ன் பிரைடில் விற்கும் பக்கங்களில் 'ராயல் லுக்', 'ஹெவி டியூட்டி', 'ஸ்டாண்டர்ட் சைஸ்' என்றெல்லாம் இருக்கும். உங்கள் குதிரையின் வாய் அகலம் என்ன என்று ஒரு கேள்வி இருக்காது.

அந்தக் கேள்வியை விற்பவர் கேட்காவிட்டால் வாங்குபவர் கேட்டுக்கொள்ள வேண்டும். இதற்குப் பெரிய படிப்பு எதுவும் வேண்டாம். ஒரு டேப், ஒரு மழுங்கலான மரக்குச்சி, பத்து நிமிஷம்.

முதலில் வாய் அகலம். குச்சியை பிட் உட்காரும் இடத்தில் குறுக்கே வைத்து, உதட்டின் இரண்டு ஓரத்திலும் குறி போட்டு அளக்க வேண்டும். பெரும்பாலான குதிரைகளுக்கு 5 அங்குலத்தை ஒட்டி வரும், மட்டக் குதிரைகளுக்கு நாலரை அல்லது அதற்கும் கீழே. ஒவ்வொரு பக்கமும் கால் அங்குலத்துக்கு மேல் மிச்சம் நிற்கக்கூடாது. சின்னதாக இருந்தால் உதட்டைக் கிள்ளும். பெரிதாக இருந்தால் பக்கவாட்டில் நழுவி ஒரு பக்கத்து எலும்பிலேயே எல்லா எடையும் விழும். கடற்கரையில் ஒரே கடிவாளத்தைப் பெரிய குதிரைக்கும் குட்டைக் குதிரைக்கும் மாற்றி மாற்றி மாட்டுவதைப் பார்க்கலாம். அப்பாவின் செருப்பைப் பிள்ளைக்குப் போட்டு ஓடச் சொல்வது மாதிரி.

இரண்டாவது உயரம். தலை வாரின் நீளம் என்பது வாயின் ஓர் ஓரத்திலிருந்து காதுக்குப் பின்னால் சுற்றி மறு ஓரம் வரை. அந்த அளவு உங்கள் வாரின் நடு ஓட்டைகளில் அமைய வேண்டும், கடைசி ஓட்டையில் அல்ல. ஸ்னாஃபிள் என்றால் வாயோரத்தில் ஒன்றிரண்டு சுருக்கம். கர்ப் என்றால் ஓரத்தைத் தொட்டால் போதும், மிஞ்சினால் ஒரு லேசான சுருக்கம். குதிரை எப்போதும் சிரிப்பது மாதிரி தெரிந்தால் பிட் ரொம்ப மேலே ஏறியிருக்கிறது என்று அர்த்தம். ரொம்பக் கீழே இறங்கினால் பல்லில் இடிக்கும். ஆண் குதிரைகளுக்கு அந்த இடைவெளியிலேயே கோரைப்பல் முளைப்பது சாதாரணம். கடைவாய்க்கு முன்னால் குட்டியாக இன்னொரு பல்லும் சில குதிரைகளுக்கு இருக்கும். கால்நடை மருத்துவரிடம் ஒரு முறை வாயைக் காட்டிவிட்டு பிட் வாங்குவதுதான் முறை.

மூன்றாவது நெற்றி வாரும் காதும். நெற்றி வார் சின்னதாக இருந்தால் தலை வாரை முன்னால் இழுத்துக் காதின் அடியை அறுக்கும். அமெரிக்கக் கடிவாளங்களில் பல குவார்ட்டர் ஹார்ஸ் தலையை நினைத்துத் தைக்கப்படுகின்றன. குட்டை முகம், அகன்ற தாடை. நம் மார்வாரி, கத்தியவாரிக் குதிரைகளுக்கு உள்நோக்கி வளைந்து நுனி தொட்டுக்கொள்ளும் காது. ஒரு காதுக்கு மட்டும் வளையம் வைத்த வெஸ்டர்ன் மாடலை இதற்கு வாங்குகிறவர்கள் அந்த வளையம் காதடியை உரசுகிறதா என்று விரல் விட்டுப் பார்க்க வேண்டும்.

நான்காவது தொண்டை வார். மாட்டியபின் ஒரு முஷ்டி உள்ளே போக வேண்டும், இல்லாவிட்டால் குதிரை கழுத்தை மடக்கும்போது மூச்சை இறுக்கும். தாடைச் சங்கிலியில் இரண்டு விரல் நுழைய வேண்டும். லகானை இழுக்கும்போது பக்கக் கம்பி 45 பாகை போலச் சாய்ந்த பிறகுதான் சங்கிலி இறுக ஆரம்பிக்க வேண்டும். அந்த இடைவெளி குதிரைக்குக் கொடுக்கும் எச்சரிக்கை மணி. இறுக்கிக் கட்டினால் மணியே இல்லாமல் அடி மட்டும் விழும்.

பெயரைப் பார்த்தும் ஏமாறாதீர்கள். 'டாம் தம்' என்று ஒரு பிட் உண்டு. பேர் என்னவோ குழந்தைகள் கதைப் பெயர், கம்பியும் குட்டை, அதனால் மென்மையானது என்று விற்பார்கள். நடுவில் மூட்டு இருப்பதால் இழுத்தால் பாக்குவெட்டி மாதிரி மடங்கும். கூடவே நெம்புகோலும் வேலை செய்யும். வாயில் இரும்பே வேண்டாம், மூக்கோடு போகும் ஹாக்கமோர் வாங்கிவிடுகிறோம் என்கிற நல்லவர்களுக்கும் ஒரு வார்த்தை. நீண்ட கம்பி வைத்த ஹாக்கமோரும் நெம்புகோல்தான். அது மூக்கெலும்பின் மேல் உட்கார வேண்டும். கொஞ்சம் கீழே இறங்கி மெத்தென்ற பகுதிக்குப் போனால் மூச்சுக்கே வினை.

இவ்வளவும் எழுதுவது வெளிநாட்டு ஆடம்பரத்தைப் பற்றி அல்ல. கடிவாளம் செய்வதில் இந்தியா ஒன்றும் கற்றுக்குட்டி இல்லை. கான்பூரில் வெள்ளைக்காரன் காலத்தில் ராணுவத்துக்காக ஆரம்பித்த சேணத் தொழில் இன்று அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் ஏற்றுமதி செய்கிறது. 'கான்பூர் சேணம்' புவிசார் குறியீடு வாங்கிய பொருள். சேணம், கடிவாள வகையறா மட்டும் ஆண்டுக்குப் பத்து கோடி டாலருக்கு மேல் ஏற்றுமதியாகிறது. சென்னைக்கும் தோலுக்கும் உள்ள உறவைச் சொல்லவே வேண்டாம். பெருங்களத்தூரிலிருந்து மின்சார ரயிலில் மூன்றாவது ஸ்டேஷன் குரோம்பேட்டை. அந்தப் பெயரே குரோம் லெதர் தொழிற்சாலையால் வந்தது. பக்கத்திலேயே பல்லாவரம் தோல் ஷாப்புகள். ஆவாரம்பட்டையில் பதப்படுத்திய மெட்ராஸ் தோல் ஒரு காலத்தில் உலகச் சந்தையில் பேர் போனது. மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் 1948 முதல் அடையாறில் இருக்கிறது. தோல் ஏற்றுமதிக் கவுன்சிலின் தலைமையகம் எழும்பூரில்.

இத்தனையும் இருக்கிற ஊரின் கடற்கரையில் குதிரைத் தலையை அறுப்பது நைலான் கயிறு! ஏற்றுமதிக்குப் போகும் கடிவாளத்தில் போனி, காப், ஃபுல் என்று சைஸ் பிரித்து, பக்கிளில் கூர்முனை இல்லையா என்று தடவிப் பார்த்து அனுப்புகிறார்கள். வாங்குகிற அமெரிக்கக்காரன் திருப்பி அனுப்பிவிடுவான் என்ற பயம். உள்ளூருக்கு அந்தப் பயம் இல்லை. உப்புக் காற்றில் தோல் வெடிக்கும், நைலான் தாங்கும் என்று குதிரைக்காரர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. எண்ணெய் போட்டுத் துடைக்காவிட்டால் தோல் ஒரு வருஷம்கூட வராது. ஆனால் அகலமான பட்டையாக, உள்பக்கம் மெத்தென்று துணி வைத்துத் தைத்த செயற்கை வார் செய்வது ராக்கெட் விஞ்ஞானமா? செய்யச் சொல்லிக் கேட்க ஆள் இல்லை, அவ்வளவுதான்.

அடுத்தது சட்டம். மிருகவதைத் தடுப்புச் சட்டம் 1960. இதற்கு விதை போட்டவர் நம் திருவான்மியூர் கலாக்ஷேத்ராவின் ருக்மிணி தேவி அருண்டேல். 1950களில் மாநிலங்களவையில் தனிநபர் மசோதா கொண்டுவந்து, அதன் பலனாக வந்த சட்டம் இது. இதன்கீழ் 1965-இல் வந்த வண்டி இழுக்கும், பொதி சுமக்கும் பிராணிகளுக்கான விதிகளில் 8-வது விதி தெளிவாகவே சொல்கிறது. முள் வைத்த பிட், கூரான முனையோ முடிச்சோ உள்ள சேணச் சாமான், எதையும் பிராணியை ஓட்டவோ சவாரி செய்யவோ பயன்படுத்தக்கூடாது. ஆனாலும் முட்கடிவாளம் நாடு முழுக்கப் புழக்கத்தில் இருக்கிறது. விலங்கு நல அமைப்புகள் பல நகரங்களில் சவாரிக் குதிரைகளின் வாயிலிருந்து கழற்றி எடுத்துக்கொண்டே இருக்கின்றன.

ஏன் நிற்கவில்லை? இரண்டு ஓட்டை. ஒன்று, விதி சொல்வது பயன்படுத்துவதைப் பற்றி. விற்பவரைப் பற்றிப் பேச்சில்லை. இரண்டு, தண்டனை. 1960 சட்டத்தின் 11-வது பிரிவின்படி முதல் குற்றத்துக்கு அபராதம் 10 ரூபாய்க்குக் குறையாமல், 50 ரூபாய் வரை. இன்றைக்கும் அதேதான். அறுபது வருஷத்துக்கும் மேலாக ஏறாத ஒரே விலை இந்தியாவில் மிருகவதையின் விலைதான்! பெருங்களத்தூர் ஸ்டேஷன் வாசலில் ஒரு பிளேட் பானிபூரியும் ஒரு டீயும் சாப்பிடுகிற காசு. 2022-இல் திருத்த மசோதாவின் வரைவை வெளியிட்டுக் கருத்துக் கேட்டார்கள். வரைவு வரைவாகவே நிற்கிறது. இதற்கிடையில், முள்ளே இல்லாத ஆனால் அளவு பொருந்தாத கடிவாளத்தைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். பணக்கார வீட்டு வெஸ்டர்ன் பிரைடிலை எந்த இன்ஸ்பெக்டர் வந்து விரல் விட்டுப் பார்க்கப்போகிறார்?

வெளியுலகம் இந்த விஷயத்தில் நகர்ந்துகொண்டிருக்கிறது. சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பு 2025-இல் தன் போட்டிகளில் மூக்கு வாரின் இறுக்கத்தை அளக்க ஒரே மாதிரியான அளவுகருவியைக் கொண்டுவந்தது. இரண்டு விரல் இடம் என்று வாயால் சொன்னால் ஆளுக்கு ஆள் விரல் மாறுகிறது, ஆகவே கருவி. ஒலிம்பிக் பதக்கம் வாங்கிய குதிரையானாலும் அது உள்ளே நுழைந்தாக வேண்டும். கோடிக்கணக்கில் விலை போகும் குதிரைகளுக்கே அளவு பார்க்க ஆள் தேவைப்படும்போது, கோவளத்துக் குதிரைக்கு அதன் ராசியை நம்பச் சொல்கிறோம்.

எதிர்வாதங்கள் வரும், வரட்டும்.

"குதிரைக்காரன் ஏழை, அவன் பிழைப்பில் மண்ணைப் போடாதீர்கள்." யாரும் போடவில்லை. வழவழப்பான பிட்டைவிட முள் வைத்த பிட்டுக்குத்தான் செய்கூலி வேலை அதிகம். பொருந்துகிற சாமான் வாங்க ஏழைக்கு வழியில்லை என்றால், கடற்கரையில் சவாரிக்கு அனுமதி கொடுக்கிறவர்கள் அதற்கு வழி செய்ய வேண்டும். வாய் புண்ணான குதிரை தீனி தின்னாது, இளைக்கும், விழும். அப்போது பிழைப்பு எங்கே போகும்? தவிர, ஈ.சி.ஆர். பண்ணை வீட்டுக்காரர் எந்தக் கணக்கில் ஏழை?

"கூட்டத்தில் குதிரை மிரண்டு ஓடினால் என்ன செய்வது, கடுமையான பிட் இருந்தால்தான் கண்ட்ரோல்." குதிரை வலியிலிருந்து தப்பி ஓடுகிற பிராணி. 400 கிலோ உடம்பு ஓட முடிவு செய்துவிட்டால் வாயில் இருக்கும் எந்த இரும்பும் அதை நிறுத்தாது. வலி கூடினால் வேகம் கூடும். குதிரையைப் பழக்காமல் இரும்பை மாற்றுவது, பிரேக் பிடிக்காத பைக்குக்கு ஹாரன் மாற்றுவது போல.

"நாட்டில் மனுஷனுக்கே ஆயிரம் பிரச்சினை, குதிரைக்கு என்ன வந்தது?" பிரச்சினைக்கு வரிசை வைத்தால் எந்தக் காலத்திலும் குதிரையின் முறை வராது. 2019 கால்நடைக் கணக்கெடுப்பில் இந்தியாவில் இருந்த குதிரைகளும் மட்டக்குதிரைகளும் மொத்தமே சுமார் 3.4 லட்சம். 2012-ஐவிட 45 சதவீதத்துக்கும் மேல் குறைவு. அதாவது இது ஒன்றும் தீர்க்கவே முடியாத கோடிக் கணக்குப் பிரச்சினை இல்லை. மூன்றரை லட்சம் வாய். அவ்வளவுதான்.

ஆகவே செய்ய வேண்டியவை. முள் பிட்டைப் பயன்படுத்துவது மட்டுமல்ல, விற்பதும் குற்றம் என்று விதியில் ஒரு சொல் சேர்க்க வேண்டும். அபராதத்தைக் குதிரைக்காரருக்கும் கடைக்காரருக்கும் உறைக்கிற அளவுக்கு ஏற்ற வேண்டும். கடற்கரைச் சவாரிக்கு அனுமதி கொடுக்கும்போது ஒவ்வொரு குதிரைக்கும் தனிக் கடிவாளம், வருஷம் ஒரு முறை வாய்ப் பரிசோதனை என்று நிபந்தனை வைக்க வேண்டும். சென்னையில் கால்நடை மருத்துவக் கல்லூரி வேப்பேரியில் நூற்றாண்டைத் தாண்டி நடக்கிறது. மருத்துவருக்குப் பஞ்சமில்லை. ஆன்லைனில் கடிவாளம் விற்பவர்கள் வாய் அகலமும் தலைச் சுற்றளவும் கேட்காமல் ஆர்டர் எடுக்கக்கூடாது. சட்டை விற்பவனே நெஞ்சளவு கேட்கிறான்.

அரசாங்கம் செய்யும் வரை நம் கையில் இருப்பது வாடிக்கையாளர் என்கிற அதிகாரம். அடுத்த வாரம் கோவளத்திலோ மெரினாவிலோ குதிரையேறப் போகிறவர்கள் காசு கொடுப்பதற்கு முன்னால் இரண்டு நிமிஷம் செலவழியுங்கள். வாயோரத்தில் புண் இருக்கிறதா, பழைய தழும்பு வெளுத்திருக்கிறதா? தாடைச் சங்கிலிக்கு அடியில் இரண்டு விரல் போகிறதா? காதடியில் முடி உதிர்ந்து தோல் தெரிகிறதா? தெரிந்தால் ஏறாதீர்கள். ஏன் ஏறவில்லை என்பதை அந்த அண்ணனிடம் மரியாதையாகச் சொல்லிவிட்டு வாருங்கள். ஒரே சாயங்காலம் பத்துப் பேர் அப்படிச் சொன்னால், அடுத்த ஞாயிறு அந்தக் குதிரையின் தலையில் வேறு கடிவாளம் இருக்கும்.